நாற்பது அடி எங்கே தொடங்குகிறது?

2016-ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு திருமணத்துக்காக நாங்கள் குடும்பத்தோடு மூன்று நாள் நாகர்கோவில் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது, வீட்டின் கிழக்குப் பக்கத்தில் முப்பது ஆண்டுகளாக நின்றிருந்த கிளுவை வேலி இல்லை. வேலி இருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு அடித்தளத்துக்கான வானம் தோண்டி, கருங்கல்லும் ஜல்லியும் இறக்கியிருந்தார்கள். வேலியோரம் அம்மா நட்டு வளர்த்த முருங்கை மரத்தைத் துண்டு போட்டு எங்கள் வாசலிலேயே அடுக்கி வைத்திருந்தார்கள். விறகுக்கு ஆகட்டும் என்று கருணையோடு வைத்தார்களா, வழியில் கிடக்கக் கூடாதென்று வைத்தார்களா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீடு திருநெல்வேலி மாவட்டத்தில், நகரத்தை ஒட்டிய ஒரு விரிவாக்கப் பகுதியில் இருக்கிறது. புஞ்சை நிலம் ஒன்றை மனைகளாகப் பிரித்து விற்றபோது, 1984-இல் என் தந்தையார் 17-ஆம் நம்பர் மனையை வாங்கினார். கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, ஆக 2400 சதுரடி. சென்ட் கணக்கில் சொன்னால் ஐந்தரை சென்ட். கிழக்கே இருந்த 18-ஆம் நம்பர் மனை வெகுகாலம் கருவேலம் மண்டிக் கிடந்ததால், அந்தப் பக்கம் மதில் கட்ட வேண்டிய அவசியம் எங்களுக்கு ஏற்படவில்லை. நான்கு மூலையிலும் கல் ஊன்றியிருப்பதாகத் தந்தையார் சொல்லுவார். அவற்றில் மூன்றை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நான்காவது கல் எங்கே இருந்தது என்று அவர் இருந்தவரை ஒருநாளும் கேட்டுக்கொள்ளாதது என் தவறு.

அன்று நான் செய்த முதல் காரியம் சத்தம் போட்டது. 18-ஆம் நம்பரின் புது வீட்டுக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கையிலிருந்த பணத்தையெல்லாம் போட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தவர். கொத்தனார், சித்தாள், தெருக்காரர்கள் என எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, "அண்ணாச்சி, ஆள் இல்லாத நேரம் பார்த்து வேலியை வெட்டுவதுதான் உங்கள் ஊர் வழக்கமா?" என்று கேட்டேன். அவர் நிதானமாகவே பதில் சொன்னார்: "தம்பி, நான் நாற்பது அடி அளந்துதான் வானம் தோண்டியிருக்கிறேன். உங்கள் இடத்தில் ஓர் அங்குலம்கூட எனக்கு வேண்டாம்." அவர் பொய் சொல்கிறார் என்று நான் உறுதியாக நம்பினேன். அவர் சொன்னது பொய் அல்ல என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

இதற்கு முன்பே அவர்மேல் எனக்குக் கோபம் சேர்ந்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். செங்கல் லாரியை எங்கள் வாசலை மறித்து நிறுத்துவார்கள். கம்பி அறுக்கும் சத்தம் இரவு பத்து மணி வரை கேட்கும். சிமெண்டுத் தண்ணீர் எங்கள் முற்றத்துக்குள் வந்து உறையும். ஒருமுறைகூட அவர் முன்கூட்டிச் சொன்னதில்லை, பிறகு வருந்தியதும் இல்லை. இந்தச் சில்லறைக் கோபங்களையெல்லாம் எல்லைத் தகராறோடு சேர்த்துக் கட்டிப் பேசியதால், பேச்சு எந்த இடத்திலும் நிற்காமல் போயிற்று. கம்பி அறுக்கும் சத்தத்துக்கு அவர் மன்னிப்புக் கேட்டிருந்தாலும் வானம் நகர்ந்திருக்காது.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனேன். மனுவைப் பெற்றுக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். இது உரிமையியல் விவகாரம், எல்லை எது என்று தாங்கள் முடிவு செய்ய முடியாது என்றும் தெளிவாகச் சொன்னார்கள். பலர் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் அந்தப் பயணம் வீணாகவில்லை. இருவரையும் வரவழைத்து, சர்வேயர் வந்து அளக்கும்வரை அந்தப் பக்கம் வேலை செய்வதில்லை என்று எழுதி வாங்கினார்கள். அந்த ஒரு தாளும், வேலி வெட்டப்பட்ட இடத்தை அன்றைக்கே தேதியோடு எடுத்து வைத்த புகைப்படங்களும் பின்னால் நீதிமன்றத்தில் மிகவும் உதவின. கல்லைப் பிடுங்கியதாக அவர்மேல் வழக்குப் போட வேண்டும் என்று நான் கேட்டேன். அரசு ஊழியர் நட்ட எல்லைக்கல்லை அழிப்பது அப்போது நடப்பிலிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 434-ஆம் பிரிவின்படி குற்றம்தான். ஆனால் கல் அங்கே இருந்தது என்பதற்கே என்னிடம் ஆதாரம் கிடையாது. இருக்கும்போதே அதை ஒரு படம் எடுத்து வைத்திருக்கலாம்.

பிறகுதான் பீரோவைத் திறந்தேன். சொந்த வீட்டின் பத்திரத்தை நாற்பது வயதுக்கு மேல் முதன்முறையாக முழுவதும் படிப்பவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்று நினைக்கிறேன். பழைய பத்திரங்களில் தபசில் என்று தலைப்பிட்ட சொத்து விவரப் பகுதிதான் உயிர்நாடி. எங்கள் தபசிலில் "தெருவுக்கு வடக்கு, 18-ஆம் நம்பர் மனைக்கு மேற்கு" என்று தொடங்கி நான்கெல்லை சொல்லி, "இதன் மத்தியில் கிழமேல் இருபுறமும் ஜாதியடி 40, தென்வடல் இருபுறமும் ஜாதியடி 60" என்று எழுதியிருந்தது. ஜாதியடி என்பது நாம் சொல்லும் அடிதான். தெருவுக்கு வடக்கு என்றால் நம் மனை தெருவுக்கு வடக்கே இருக்கிறது, அதாவது தெரு நமக்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டு சண்டைக்குப் போனவர்களை நான் பிற்பாடு தாலுகா அலுவலகத்து வராந்தாவில் பார்த்தேன். நான்கெல்லைக்கும் அடிக்கணக்குக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக நான்கெல்லையே செல்லும் என்பதும் அந்த வராந்தாவில் கற்றுக்கொண்டதுதான்.

அடுத்தது பட்டா. மனைப்பிரிவில் இடம் வாங்குகிறவர்களில் பலர் பத்திரப் பதிவோடு நின்றுவிடுகிறார்கள். வருவாய்த் துறைக் கணக்கில் அந்த மனை பழைய புஞ்சைக்காரர் பெயரிலேயே, பழைய சர்வே எண்ணிலேயே கிடக்கும். என் தந்தையார் 2003-இல் அலைந்து திரிந்து எங்கள் மனைக்கு அந்தச் சர்வே எண்ணுக்குள் தனி உட்பிரிவு எண் வாங்கியிருந்தார். பட்டாவில் 2.23 ஏர் என்று இருந்ததைப் பார்த்து முதலில் திகைத்தேன். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 1076 சதுரடி. பெருக்கிப் பார்த்தால் 2400 சதுரடி சரியாக வந்தது. உட்பிரிவு செய்யப்பட்டதால் புலப்படத்தில், அதாவது வருவாய்த் துறையின் நில அளவு வரைபடத்தில், எங்கள் மனையின் நான்கு கோடுகளும் அளவோடு வரையப்பட்டிருந்தன. அண்ணாச்சி வாங்கிய 18-ஆம் நம்பர் மனைக்கு உட்பிரிவே ஆகவில்லை. அவரிடம் இருந்தது பத்திரமும் மனைப்பிரிவு வரைபடத்தின் நகலும் மட்டுமே. பட்டாவும் புலப்படமும் இப்போது வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்க்க ஒரு சண்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பட்டா மட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது என்பதும் உண்மைதான். உரிமைக்குப் பத்திரம், அதற்கு முந்தைய மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவை வேண்டும். ஆனால் கோடு எங்கே ஓடுகிறது என்ற கேள்விக்குப் புலப்படம் சொல்லும் பதிலைப் பத்திரம் சொல்லாது.

புல எல்லையை அளந்து அத்து (எல்லைக்கோடு) காட்டக் கோரித் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் செலுத்தினேன். இப்போது இதற்கு இணையவழியிலும் விண்ணப்பிக்கலாம். சுற்றியுள்ள நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் போயிற்று. முதல் தேதியில் அண்ணாச்சி வரவில்லை. அவர் இல்லாமலே அளந்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்தினேன். குறுவட்ட சர்வேயர் சிரித்துவிட்டு, "அவர் இல்லாமல் கல் போட்டால் நீங்கள் தினமும் அதற்குக் காவல் இருக்க வேண்டும் சார்" என்று சொல்லி இன்னொரு தேதி கொடுத்தார். அப்போது எரிச்சலாக இருந்தது. எதிர்த்தரப்பு கண்முன்னே நின்று பார்க்காத அளவீட்டுக்கு எந்த மதிப்பும் இல்லை என்பதை அவர் தம் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

இரண்டாவது தேதியில் நடந்ததை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். சர்வேயர் வந்ததும் எங்கள் மனைக்குள் நுழையவே இல்லை. நேராகத் தெருமுனைக்குப் போய், அந்தச் சர்வே எண்ணின் வெளி எல்லையில் இருக்க வேண்டிய கல்லைத் தேடினார். தார்ச் சாலை ஓரத்தில் ஓர் அடி ஆழத்தில், கடப்பாரை முனையில் அது தட்டுப்பட்டது. பிறகு வடக்கே புஞ்சை வரப்பில் இன்னொரு கல் கிடைத்தது. அந்த இரண்டு கற்களுக்கும் இடையிலான தூரம் புலப்படத்திலுள்ள அளவோடு பொருந்துகிறதா என்று சரிபார்த்த பிறகுதான், அங்கிருந்து உள்நோக்கி அளந்துகொண்டு எங்கள் மனைக்கு வந்தார். மனையை மனையின் சுவரிலிருந்து அளக்கக் கூடாது, புலத்தின் கல்லிலிருந்து அளக்க வேண்டும் என்ற எளிய உண்மையை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தபோது அவரும் அன்றுதான் புரிந்துகொண்டார் என்று தோன்றியது.

ஏனென்றால் அவருடைய கொத்தனார் அளந்தது 19-ஆம் நம்பர் வீட்டின் மதிலிலிருந்து. அந்த மதில் வடகோடியில் ஓர் அடி நாலு அங்குலமும், தெருப்பக்கம் ஏழு அங்குலமும் 18-ஆம் மனைக்குள் ஏறி நின்றது. அதை எல்லை என்று வைத்துக்கொண்டு நாடாவைப் பிடித்து நாற்பது அடி மேற்கே வந்தால், அதே ஓர் அடி நாலு அங்குலமும் ஏழு அங்குலமும் எங்கள் மனைக்குள் வந்துதானே முடியும்? அவருடைய நாற்பது அடி சரி. தொடங்கிய இடம்தான் தவறு. எங்களுக்குப் போன இடம் ஏறத்தாழ 57 சதுரடி, ஒரு சென்டில் எட்டில் ஒரு பங்கை விடச் சற்றே அதிகம். ஊரார் இடத்தை விழுங்க வந்தவர் என்று நான் நான்கு மாதமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், தம் இடத்தை வேறொருவரிடம் இழந்தவர்.

கதை அத்தோடு முடியவில்லை. சர்வேயர் மேற்கு எல்லையையும் அளந்து குச்சி நட்டார். எங்கள் மதிலின் பின்பாதி, முப்பது அடி நீளத்துக்கு, ஐந்து அங்குலம் 16-ஆம் நம்பர் மனைக்குள் இருந்தது. அங்கே தனியாக வாழும் ஆச்சி எங்களுக்குத் தாயைப் போன்றவர். தந்தையார் அந்த மதிலைக் கட்டியபோது கொத்தனாருக்கு மோர் கொடுத்தவர். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்ச் சொன்னபோது, "அந்த அஞ்சு அங்குலத்தை நான் தலையில் தூக்கிக்கொண்டா போகப்போகிறேன்?" என்று சிரித்தார். ஆனாலும், அந்த இடம் அவருடையது, அவருடைய அனுமதியோடுதான் எங்கள் மதில் நிற்கிறது, மதிலை எப்போது திருப்பிக் கட்டினாலும் எல்லைக்குள் நகர்த்திக் கட்டுவோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஒருவர் இடத்தை இன்னொருவர் அவருக்கு எதிரான உரிமையோடு வெளிப்படையாகவும் தொடர்ந்தும் 12 ஆண்டுகள் அனுபவித்தால் உரியவரின் உரிமையே போய்விடக்கூடும். அனுமதி என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அண்ணாச்சியிடம் நியாயம் கேட்பவன் ஆச்சியிடம் இதைச் செய்யாமல் இருக்க முடியாது.

இவ்வளவு தெளிவான பிறகும் விவகாரம் தீரவில்லை. சர்வேயர் காட்டிய கோட்டை ஏற்றுக்கொண்டால் தம் வீட்டின் பக்கவாட்டு இடைவெளி குறைந்துவிடும் என்பது அண்ணாச்சியின் கவலை. 19-ஆம் நம்பர்காரரிடம் போய்க் கேட்க அவருக்குத் தயக்கம். இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை வானத்தில் கல் கட்ட ஆரம்பித்தார். நீதிமன்றம் திறக்காத சனி, ஞாயிறில் வேலையை முடித்துவிடுவது இத்தகைய தகராறுகளில் வழக்கமான உத்தி என்று வழக்கறிஞர் பிறகு சொன்னார். திங்கட்கிழமை காலையில் வக்கீல் நோட்டீஸும், அதே வாரத்தில் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கும் போட்டோம். வெறும் உறுத்துக்கட்டளை (தடையுத்தரவு) மட்டும் கேட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். எதிர்த்தரப்பு இடத்தின் உரிமையையே மறுக்கும்போது உரிமை விளம்புகையும், அதாவது இடம் எங்களுடையது என்று நீதிமன்றமே அறிவிப்பதையும், சேர்த்துக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் சில ஆண்டுகள் கழித்து அந்தக் குறையாலேயே வழக்குத் தள்ளுபடியாகலாம் என்று அவர் விளக்கினார். எழும்பிவிட்ட கட்டுமானத்தை இடிக்கவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தளம் போட்ட பிறகு போனவருக்கு, இடிப்பதற்குப் பதிலாக இழப்பீடு என்று முடிந்துவிட வாய்ப்பு உண்டு. நாங்கள் போனபோது சுவர் இரண்டடிதான் எழும்பியிருந்தது. இடைக்கால உறுத்துக்கட்டளை கிடைத்தது.

நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர், சர்வேயர் ஒருவரோடு வந்து மீண்டும் அளந்து அறிக்கை கொடுத்தார். முதல் அளவீட்டுக்கும் இதற்கும் வேறுபாடு அரை அங்குலம்கூட இல்லை. தாலுகா அலுவலகத்தின் அளவீடு எல்லையைக் காட்டும்; உரிமையை முடிவு செய்வது நீதிமன்றம்தான். அதனால்தான் அளந்ததையே மறுபடி அளக்க வேண்டியிருக்கிறது. ஆணையரின் அறிக்கை வந்த பிறகு அண்ணாச்சியின் வழக்கறிஞரே சமரசப் பேச்சை எடுத்தார். வழக்குப் போட்ட பதினான்காவது மாதத்தில் மக்கள் நீதிமன்றத்தில் விவகாரம் முடிந்தது. அங்கே செய்துகொள்ளும் உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைத்தது. வழக்கறிஞர் கட்டணம், ஆணையர் செலவு, அலைச்சல், விடுப்பு எல்லாவற்றையும் கூட்டினால் 57 சதுரடிக்கு அது கட்டுபடியானதா என்று என் மனைவி இன்றும் கேட்பாள். நான் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

உடன்பாட்டில் ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். எல்லைக் கோட்டின்மேல் நடுவாக ஒரே மதில், செலவு பாதிப் பாதி என்றுதான் முதலில் எழுதினார்கள். நான் மறுத்துவிட்டேன். ஒன்பது அங்குல மதிலில் ஆளுக்கு நாலரை அங்குலம் என்பது தாளில் நன்றாக இருக்கும். நாளைக்கு அதில் குழாய் பதிக்கவோ, ஆணி அடிக்கவோ, உயர்த்திக் கட்டவோ நினைத்தால் ஒவ்வொரு முறையும் இன்னொருவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். மதில் முழுவதையும் எங்கள் இடத்துக்குள்ளேயே, எங்கள் செலவிலேயே கட்டிக்கொண்டேன். ஒன்பது அங்குல இடம் மதிலுக்குப் போனதில் எனக்கு வருத்தமில்லை.

மதில் எழும்பியும் அண்ணாச்சி மாறிவிடவில்லை. அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அவர் மொட்டைமாடிக் குழாய் முழுவதும் எங்கள் முற்றத்தில்தான் கொட்டியது. நான் மறுபடி வழக்கறிஞரைத் தேடியிருப்பேன். என் மனைவி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, உங்கள் வீட்டுத் தண்ணீரையெல்லாம் எங்கள் கிணற்றுக்கே அனுப்புகிறீர்களே, கோடையில் கேட்டால் திருப்பித் தர வேண்டியிருக்குமே" என்றாள். இரண்டு நாளில் குழாய்க்கு ஒரு முழங்கை வைத்துத் தெருப்பக்கம் திருப்பிவிட்டார்கள்.

சென்ற ஆண்டு ஒரு மாலை நேரத்தில் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். தம் மனைக்கு உட்பிரிவுப் பட்டா வாங்கிவிட்டதாகவும், கிழக்குப் பக்கம் 19-ஆம் நம்பர் மதிலை அளக்கச் சொல்லி மனுப் போடப்போவதாகவும் சொன்னார். எந்த வரிசையில் என்னென்ன தாள் வைக்க வேண்டும் என்று கேட்டார். நான் மனுவின் நகல், புலப்படம், ஆணையர் அறிக்கை, உடன்பாடு ஆகியவை அடங்கிய கோப்பை எடுத்துக் கொடுத்து, நகலெடுத்துக்கொண்டு நாளைக்கே தந்துவிடுங்கள் என்றேன். எட்டு மாதம் ஆகிறது, கோப்பு இன்னும் திரும்பி வரவில்லை.